புங்கமா, பஜ்ஜிக்கடை எண்ணெயா: ஒரு 5 ஹெச்.பி. இன்ஜினில் ஓட்டிப் பார்த்தது

தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்தவர்களில் பாதிப் பேராவது கடைசி வருட புராஜெக்ட் என்று பயோடீசலை, அதாவது எண்ணெயிலிருந்து செய்யும் டீசலை, தொட்டிருப்பார்கள். நான் ஒரு பாலிடெக்னிக்கில் தெர்மல் லேப் பார்த்துக்கொள்கிறேன், பதினாறு வருடமாக. வருடா வருடம் ஒரு குழு வரும், புங்கம் என்பார்கள், இல்லையென்றால் காட்டாமணக்கு, அதுவும் இல்லையென்றால் வேம்பு. அறிக்கையைப் புரட்டினால் எல்லாவற்றிலும் ஒரே அட்டவணைதான், பாகுநிலை இவ்வளவு, ஃபிளாஷ் பாயின்ட் இவ்வளவு, வெப்ப மதிப்பு இவ்வளவு என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டியது. போன ஏப்ரலில் ஐந்து பேர் வந்து "எந்த எண்ணெய் பெஸ்ட்னு கம்பேர் பண்றோம் சார்" என்றபோது நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். அட்டவணை எதையும் பார்க்கக் கூடாது, எண்ணெயை நாமே தேடி வாங்கி, நாமே மாற்றி, நம்ம இன்ஜினிலேயே ஓட்டிப் பார்த்து எழுத வேண்டும். சரி என்றார்கள். நவம்பர் வரை இழுத்தது.

எண்ணெயை பயோடீசலாக மாற்ற மெத்தனால் வேண்டும். முதலில் அந்த விஷயம், ஏனென்றால் இதைப் படித்துவிட்டு யாராவது வீட்டு மொட்டை மாடியில் ஆரம்பித்துவிடக் கூடாது. நம் மாநிலத்தில் மெத்தனாலைக் கடையில் போய்க் கேட்டு வாங்க முடியாது, உரிமம் வேண்டும், எவ்வளவு வந்தது எவ்வளவு செலவானது என்று கணக்குப் புத்தகம் எழுத வேண்டும். கள்ளக்குறிச்சியில் 2024 ஜூனில் 60 பேருக்கு மேல் செத்தது இந்தத் திரவம் கலந்த சாராயத்தால்தான். எங்கள் கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்கு உரிமம் இருந்தது, மேடம் ஒவ்வொரு முறையும் அளந்து கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார், நாங்கள் செய்ததெல்லாம் அவர் கண்ணெதிரில்தான். அதன் ஆவி தீப்பிடிக்கும், தோல் வழியாகவும் உள்ளே போகும். அதில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கரைத்தால் இன்னும் மோசம், கண்ணில் ஒரு துளி போதும்.

வேலை என்னவென்று ஒரு வரியில் சொன்னால், எந்த எண்ணெயாக இருந்தாலும் அதன் மூலக்கூறு ஒரு கிளிசரினில் மூன்று கொழுப்பமில வால்கள் தொங்குவது போல இருக்கும், மெத்தனாலைச் சேர்த்து அந்த மூன்று வால்களையும் கழற்றி ஆளுக்கு ஒரு மெத்தனாலை மாட்டிவிட்டால் பயோடீசல், கழன்ற கிளிசரின் கனமாக அடியில் இறங்கிவிடும். இதை நடத்திவைக்க கொஞ்சம் காரம், எங்களுக்கு அந்தப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, சுருக்கமாக கேஓஹெச். மெத்தனால் 65 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே கொதித்துவிடும் என்பதால் 55, 58-ல் நிறுத்திக்கொள்ள வேண்டும்.

பாத்திரத்துக்கு ஒரு பழைய எவர்சில்வர் பால் கேன் கிடைத்தது, பத்து லிட்டர். கலக்குவதற்கு ஒரு பையன் லாரி வைப்பர் மோட்டார் கொண்டு வந்தான். நன்றாகத்தான் சுற்றியது, ஆனால் மேடம் பார்த்த உடனே கழற்றச் சொல்லிவிட்டார், அதில் கார்பன் பிரஷ் இருக்கிறது, ஓடும்போது உள்ளே பொறி தெறிக்கும், மெத்தனால் ஆவிக்குப் பக்கத்தில் அதை வைப்பதும் தீக்குச்சி கிழிப்பதும் ஒன்று. எனக்கு அது தோன்றவே இல்லை, பதினாறு வருட சர்வீஸில் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. கடைசியில் பழைய டேபிள் ஃபேன் மோட்டாரைப் போட்டோம், அதில் பிரஷ் கிடையாது. சூடாக்க அடுப்பு வைக்கவில்லை, பக்கத்து அறையில் வெந்நீர் போட்டு வாளியில் கொண்டுவந்து கேனைச் சுற்றி இருந்த டிரம்மில் ஊற்றினோம்.

எண்ணெய் தேடியதுதான் பெரிய கதை.

புங்க எண்ணெய் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைத்தது, லிட்டர் 170 ரூபாய், கறுத்த தேன் நிறம், மூடியைத் திறந்தால் மூக்கில் அறைகிற கசப்பு வாடை. அப்போது டீசலே 92, 93 ரூபாய்க்கு விற்றது, இதில் 170 கொடுத்து பயோடீசலா என்று பையன்கள் சிரித்தார்கள். அதனால் கொட்டையை நாமே பொறுக்கலாம் என்று முடிவானது. பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு) வாய்க்கால் கரையில் புங்கமரம் வரிசையாக நிற்கும், ஏப்ரல், மே மாதத்தில் காய் காய்ந்து கீழே கொட்டிக் கிடக்கும். மூன்று ஞாயிற்றுக்கிழமை ஐந்து பேரும் சாக்கோடு போனார்கள். களத்தில் பத்து நாள் காயவைத்து, தடியால் அடித்து ஓட்டை உடைத்து, புடைத்துப் பார்த்தால் 40 கிலோ பருப்பு தேறியது. ஆட்டுவதற்குப் போன முதல் செக்கில் அந்த அண்ணன் கும்பிடு போட்டுவிட்டார். "கடலை ஆட்டற செக்குல புங்கங்கொட்டையப் போட்டா அப்புறம் ஒரு வாரத்துக்கு எங்கிட்ட எவனும் எண்ணெ வாங்க மாட்டானுங்க சார்." வேப்பங்கொட்டை ஆட்டும் மில் ஒன்று முப்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அங்கே பிண்ணாக்கை விட்டுவிட்டுப் போனால் கூலி வேண்டாம் என்றார்கள். வயலுக்குப் போட புங்கம் பிண்ணாக்குக்கு எப்போதும் ஆள் இருக்கும். பத்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல் எண்ணெய் வந்தது. கடை எண்ணெயைவிட நிறம் வெளுப்பு, ஆனால் வாடை அதேதான்.

பஜ்ஜிக்கடை மாஸ்டர் முதலில் சந்தேகமாகப் பார்த்தார். பொரித்து மிஞ்சும் எண்ணெயை வாங்கிப் போக அவருக்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார், அது எங்கே போகிறது என்று அவர் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. பொரித்த எண்ணெயில் போலார் சேர்மங்கள் (திரும்பத் திரும்பக் காய்வதில் எண்ணெய் சிதைந்து சேர்பவை) 25 சதவீதத்தைத் தாண்டினால் சமையலுக்கு ஆகாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது, 2018-லிருந்து அப்படிப்பட்ட எண்ணெயைச் சேகரித்து பயோடீசலுக்கு அனுப்பவும் ஒரு திட்டம் ஓடுகிறது. ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தள்ளுவண்டிக்கு அதெல்லாம் எங்கே வந்து சேர்கிறது. லிட்டர் 45 ரூபாய் என்று பேசி ஒரு பதினைந்து லிட்டர் டின்னை எடுத்து வந்தோம். அவர் பயன்படுத்துவது பாமாயில், நம் ஊர் பலகாரக் கடைகளில் பெரும்பாலும் அதுதான்.

தேங்காய் எண்ணெய் காங்கயம் பக்கத்துக் கொப்பரை மில்லில் இரண்டு லிட்டர். இதை எரிக்கத்தான் வாங்குகிறேன் என்று வீட்டில் நான் சொல்லவில்லை. விளக்கெண்ணெய் ஒரு மில்லில் நேராக வாங்கினோம், கடையில் தீபத்துக்கு என்று விற்பதில் என்னென்ன கலந்திருக்குமோ.

ஆறாவது காட்டாமணக்கு. மூலனூர்ப் பக்கம் ஒரு விவசாயி, பதினைந்து இருபது வருடத்துக்கு முன் இரண்டு ஏக்கரில் நட்டவர். அப்போது நாடு முழுக்க ஒரே பேச்சு, 2003-ல் திட்டக்குழு அறிக்கை வந்தது, 2009 கொள்கையில் 2017-க்குள் டீசலில் 20 சதவீதம் தாவர எரிபொருள் கலக்கப்போகிறோம் என்றே எழுதினார்கள். வறண்ட காட்டில் தண்ணீர் விடாமலே காய்க்கும் என்று சொல்லித்தான் கன்று கொடுத்தார்கள். செடி சாகாமல் இருந்தது, அது உண்மை, ஆனால் தண்ணீர் விடாமல் காய்க்கவில்லை. பிண்ணாக்கில் விஷம் இருப்பதால் மாட்டுக்கும் வைக்க முடியாது. பிடுங்கிப் போட்டுவிட்டு முருங்கை நட்டுவிட்டார், அதில் ஏதோ பார்க்கிறார். சின்ன வயதில் வேலியில் காட்டாமணக்குப் பாலை எடுத்து ஊதி முட்டை விடுவோம், எனக்கு அந்தச் செடியால் கிடைத்த ஒரே லாபம் அதுதான் என்று சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. கொட்டகையில் கிடந்த ஒரு மூட்டை விதையைச் சும்மாவே கொடுத்தார்.

ஆக ஆறு டின். இப்போது டைட்ரேஷன். ஒரு மி.லி. எண்ணெயை 10 மி.லி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் கரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு கிராம் கேஓஹெச் போட்ட கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எத்தனை மி.லி.யில் நிறம் மாறுகிறது என்று பார்ப்பது. எண்ணெயில் தனியாகப் பிரிந்து கிடக்கும் கொழுப்பமிலம் எவ்வளவு என்பதை இது சொல்லும். எத்தனை மி.லி.யோ, லிட்டருக்கு அத்தனை கிராம் காரம் கூடுதலாகப் போட வேண்டும். நிறம் மாறிக் காட்டும் பினாஃப்தலீன் தீர்ந்துபோன அன்று ஒரு பையன் மஞ்சள் தண்ணீரை வைத்துச் செய்தான், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்குமே, அதே வேலை. பாமாயிலுக்கும் தேங்காய்க்கும் அருமையாக வந்தது, புங்கத்துக்கு உதவவில்லை, எண்ணெயே செம்பழுப்பு, அதில் எங்கே சிவப்பைத் தேடுவது. அதற்கு பிஎச் மீட்டரைத்தான் எடுத்தோம்.

வந்த எண்கள்: தேங்காய் 0.5. விளக்கெண்ணெய் 1. பஜ்ஜிக்கடை 2.5. நாங்கள் ஆட்டிய புங்கம் 3.5. கடையில் வாங்கிய புங்கம் 14. கொட்டகையில் கிடந்த காட்டாமணக்கு 22.

இந்த வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். இத்தனை வருட அறிக்கைகளில் 'புங்க எண்ணெய்' என்று ஒரே வரிசையில் ஒரே எண்ணைப் போட்டு வந்திருக்கிறோம். இங்கே ஒரே வகை மரத்தின் எண்ணெய், இரண்டு டின், நாலு மடங்கு வித்தியாசம். ஒரு புங்கத்துக்கும் இன்னொரு புங்கத்துக்கும் இருக்கும் தூரம், எங்கள் புங்கத்துக்கும் பஜ்ஜிக்கடைப் பாமாயிலுக்கும் இல்லை. ஈரத்தோடு மூட்டை கட்டிய கொட்டை, எத்தனை மாதம் கிடந்ததோ தெரியாத டின், மூடி சரியில்லாத கேன், இதெல்லாம்தான் அந்த 14.

14 என்றால் என்ன ஆகிறது என்று பார்ப்போமே என்று பையன்கள் கடை எண்ணெயிலேயே முதல் பேட்ச் போட்டார்கள். நான் தடுக்கவில்லை, ஒரு முறை கண்ணால் பார்த்தால்தான் புத்தியில் ஏறும். எங்கள் கேஓஹெச் 85 சதவீதம் சுத்தமானது, சுத்த எண்ணெய்க்கு லிட்டருக்கு 7 கிராம் கணக்கென்றால் எங்களுக்கு 8.2, அதோடு 14 கூட்டி 22 கிராம். (டைட்ரேஷனும் அதே கேஓஹெச்சில் செய்ததால் அந்த 14-க்குத் திருத்தம் வேண்டாம்.) இரண்டு லிட்டர் எண்ணெய், 58 டிகிரி, ஒரு மணி நேரம். ஆஃப் செய்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு வந்து பார்த்தால் அடியில் கிளிசரினும் இல்லை, மேலே பயோடீசலும் இல்லை, கேன் முழுக்கப் பழுப்பு நிறக் களி. கரண்டியை நட்டால் நிற்கிறது. தனிக் கொழுப்பமிலமும் காரமும் சேர்ந்தால் சோப்புதானே, அந்த வினையில் தண்ணீரும் உண்டாகி மீதி எண்ணெயையும் கெடுக்கும். வெந்நீர் விட்டு அலசினால் பிரியும் என்று ஒருவன் நம்பிக்கையோடு ஊற்றினான், மோர் மாதிரி ஆனது. அதை லேப் தரை கழுவத்தான் பயன்படுத்தினோம், தரை என்னவோ பளிச்சென்று ஆனது, வாடை போக நாலு நாள்.

இரண்டாவது முறை ஒழுங்காக இரண்டு கட்டமாகப் போனோம். முதலில் காரமே போடாமல் மெத்தனாலும் கொஞ்சம் கந்தக அமிலமும் சேர்த்து 60 டிகிரிக்குக் கீழே இரண்டு மணி நேரம். இதில் அந்தத் தனிக் கொழுப்பமிலங்களே பயோடீசலாக மாறிவிடும், சோப்பாகாது. ஓயவிட்டால் தண்ணீரும் மிஞ்சிய மெத்தனாலும் மேலே பிரிந்து நிற்கும், அதை எடுத்துவிட்டு மறுபடி டைட்ரேட் செய்தால் 14 இருந்தது 2.5-க்கு இறங்கியிருந்தது. அப்புறம் வழக்கமான கார வினை. நன்றாகப் பிரிந்தது. ஆனால் மெத்தனால் லிட்டருக்கு 420 மி.லி. செலவு, மற்றவற்றுக்கு 220 தான். அலசிக் காயவைத்த பிறகு இரண்டு லிட்டரில் கையில் நின்றது ஒன்றரை லிட்டர். விலை 170-லிருந்து எங்கே போனது என்று கணக்குப் போட யாருக்கும் மனம் வரவில்லை.

நாங்கள் ஆட்டிய புங்கத்துக்கு முதல் கட்டமே தேவைப்படவில்லை. ஒரே வினை, காலையில் பார்த்தால் அடியில் காப்பி டிகாக்‌ஷன் நிறத்தில் கிளிசரின், மேலே ஆரஞ்சு நிறத்தில் தெளிவாக எரிபொருள். இரண்டு லிட்டருக்கு 1.75 வந்தது. அன்றைக்கு ஐந்து பேர் முகத்தையும் பார்க்க வேண்டுமே.

பஜ்ஜிக்கடை எண்ணெயில் வேறு தொல்லை, தண்ணீரும் மாவுத் தூளும். பழைய வேட்டியில் இரண்டு முறை வடிகட்டி, 110 டிகிரிக்குச் சூடாக்கி, சடசடப்பு அடங்கும் வரை வைத்தோம். சந்தேகம் இருந்தால் ஒரு துளியைச் சூடான இரும்புத் தகட்டில் விட்டுப் பார்ப்பது, பொரிந்தால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இதைச் சரியாகச் செய்துவிட்டால் மற்றபடி இவ்வளவு சாதுவான எண்ணெய் இல்லை, 5 லிட்டருக்கு 4.6 லிட்டர்.

தேங்காய் எண்ணெய் நான் எதிர்பாராத இடத்தில் சறுக்கியது. டைட்ரேஷன் 0.5, இதைவிடச் சுத்தமான எண்ணெய் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம் என்று நினைத்தேன். வினை முடிந்ததா என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு, 27 மி.லி. மெத்தனாலில் 3 மி.லி. பயோடீசலைக் கலக்கி வைத்தால் முழுக்கக் கரைய வேண்டும், மாறாத எண்ணெய் இருந்தால் அடியில் முத்தாக நிற்கும். தேங்காயில் முத்து நின்றது. மேடம்தான் விளக்கினார், தேங்காய் எண்ணெயில் பாதிக்கு மேல் சின்ன வால்கள், லாரிக் அமிலம் முதலானவை. மூலக்கூறு சின்னது என்றால் ஒரு லிட்டரில் அதிக மூலக்கூறுகள் இருக்கும், மெத்தனாலும் அதற்குத் தக்க கூடுதலாக வேண்டும். 220-ஐ 320 ஆக்கியதும் முத்து காணாமல் போனது.

விளக்கெண்ணெய் இதற்கு நேர் எதிர். அந்தச் சோதனையில் முதல் முறையே தெளிவாகக் கரைந்தது, பையன்கள் கை தட்டிவிட்டார்கள். ஆனால் கேனில் கிளிசரின் பிரியவே இல்லை. ஒருவனுக்குச் சந்தேகம் வந்து, வினையே நடக்காத பச்சை விளக்கெண்ணெயை எடுத்து அதே சோதனையைச் செய்தான், அதுவும் தெளிவாகக் கரைந்தது! மற்ற எண்ணெய்களெல்லாம் மெத்தனாலில் கரையாது, இது கரையும், இதன் கொழுப்பமிலத்தில் 90 சதவீதம் போல ரிசினோலிக், அதில் மெத்தனாலில் இருப்பது போலவே ஒரு ஹைட்ராக்சில் (ஓஹெச்) தொங்கிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கிளிசரினும் விட்டுப் போகாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்த எண்ணெய்க்கு அந்தச் சோதனை பொய் சொல்லும். கொஞ்சம் கிளிசரினை வெளியிலிருந்து ஊற்றி, இரண்டு நாள் விட்டு, ஒரு மாதிரி பிரித்து எடுத்தோம்.

காட்டாமணக்கை நாங்கள் தொடவில்லை. விதையில் பாதி பூஞ்சை, 22 என்பதைக் கீழே இறக்க மெத்தனாலைக் கொட்ட வேண்டும், மேடத்தின் கணக்குப் புத்தகம் தாங்காது. அந்தச் செடியின் மேல் தப்பில்லை, நேற்றுப் பறித்த விதை கிடைத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும்.

அலசுவதைப் பற்றி ஒன்று மட்டும். முதல் அலசலில் கையை அடக்கிக்கொள்ள வேண்டும், வெதுவெதுப்பான தண்ணீரைப் பூவாளியால் தெளிப்பது போல மேலே தெளித்து, அதுவாக இறங்கட்டும் என்று விட வேண்டும். ஆர்வத்தில் குலுக்கினால் சோப்பும் தண்ணீரும் சேர்ந்து மறுபடி மோர். மூன்றாவது அலசலில் அடித் தண்ணீர் தெளிவாக வரும். அப்புறம் சூடாக்கித் தண்ணீரை விரட்டி, பாட்டிலுக்குப் பின்னால் தினசரியைப் பிடித்தால் பொடி எழுத்து படிக்க வர வேண்டும்.

இனி ஒப்பிடுதல். எங்கள் லேபில் பாகுநிலை அளக்க இருப்பது ரெட்வுட் விஸ்காமீட்டர், 50 மி.லி. வடிய எத்தனை நொடி என்று பார்ப்பது. எல்லாம் 40 டிகிரியில். டீசல் 33 நொடி. தேங்காய் பயோடீசல் 32, டீசலைவிட நீர்த்துப் போனது. பஜ்ஜிக்கடை 36. புங்கம் 38, இரண்டு டின்னுக்கும் அதேதான், ஒழுங்காக மாற்றிவிட்ட பிறகு அந்த 14-க்கும் 3.5-க்கும் எரிபொருளில் வித்தியாசம் தெரியவில்லை, வித்தியாசமெல்லாம் வழியில் ஆன செலவில்தான். விளக்கெண்ணெய் பயோடீசல் 70. மாற்றாத பச்சைப் புங்க எண்ணெயை ஊற்றிப் பார்த்தோம், 167 நொடி. பச்சை விளக்கெண்ணெய் வடிவதற்குள் ஒருவன் கேன்டீன் போய் டீ குடித்துவிட்டே வந்தான், 16 நிமிடம். 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள் என்று இந்த விஷயம் பேசும் எல்லோரும் ஆரம்பிப்பார்கள், ஓடத்தான் செய்யும், ஆனால் 167 நொடி எண்ணெயை இன்றைய இன்ஜெக்டர் ஊசித்துளை வழியாகத் தெளிக்கச் சொன்னால் தூறலாக வராது, ஒழுகும். ஒழுகினால் முழுக்க எரியாது, நாசில் நுனியில் கரி கட்டும்.

அப்புறம் ஃபிரிட்ஜ். ஸ்டாஃப் ரூம் ஃபிரிட்ஜில் பாட்டில்களை ஒரு ராத்திரி வைத்தோம், 6 டிகிரி. (சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் என்ன வைத்திருக்கிறாய் என்று எனக்கு வந்த திட்டு தனி.) பஜ்ஜிக்கடை முழுக்க உறைந்து நெய் மாதிரி நின்றது, ரேஷன் பாமாயில் மார்கழியில் எப்படி நிற்குமோ அப்படி. புங்கம் லேசாகக் கலங்கியிருந்தது. தேங்காய், நம் வீட்டில் முதலில் உறைவது அதுதான், பயோடீசலாக மாறியதும் கண்ணாடி போல் கிடந்தது. எண்ணெயாக இருக்கும்போது உறைவதை வைத்து எரிபொருளாக எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது போல. எங்கள் ஊர்க் குளிருக்குப் பாமாயிலே தாங்கும், ஊட்டியில் ஒருவர் இதை ஊற்றி விடிகாலையில் ஸ்டார்ட் செய்ய நினைத்தால் ஃபில்டரைத்தான் கழற்ற வேண்டும். பிலிப்பைன்ஸில் டீசலில் தேங்காயும் இந்தோனேசியாவில் பாமாயிலும் கலக்கிறார்கள் என்றால் அது பாட்டில் சோதனையில் ஜெயித்ததால் இல்லை, அங்கே அதுதான் மலையாகக் கிடைக்கிறது.

இன்ஜின் நாங்கள் வருடா வருடம் ஓட்டும் அதே ஒற்றை சிலிண்டர், 5 ஹெச்.பி., 1500 ஆர்பிஎம், லோடு கொடுக்க கயிற்று பிரேக். பாதி லோடில் 10 சிசி எரிய எவ்வளவு நேரம் என்று பியூரெட்டில் பார்ப்பது. டீசல் 51 நொடி. புங்கம் 47, பஜ்ஜிக்கடை 47, தேங்காய் 44. பயோடீசலில் ஆக்சிஜன் சேர்ந்தே இருப்பதால் லிட்டருக்கு வெப்பம் குறைவு, அதனால் அதே வேலைக்குக் கொஞ்சம் அதிகம் குடிக்கும். புகை கண்ணுக்கே தெரியும் அளவுக்குக் குறைந்தது, முழு லோடு போட்டாலும் டீசலில் வரும் கறுப்பு வரவில்லை. விளக்கெண்ணெயை நான் இன்ஜினில் ஊற்ற விடவில்லை, 70 நொடிக்கு அந்த பம்ப்பைப் பணயம் வைக்க முடியாது. பஜ்ஜிக்கடை எரிபொருளில் ஓட்டிய அன்று சைலன்சரில் வந்த வாசனைக்குப் பக்கத்து சிவில் பிளாக்கிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆறாவது மணி நேரத்தில் இன்ஜின் திணறி நின்றது. எண்ணெய்தான் காரணம் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஃபில்டரைக் கழற்றினால் கறுப்புச் சேறு. பயோடீசல் நல்ல கரைப்பான், வருடக்கணக்கில் டேங்க் சுவரில் ஒட்டிக் கிடந்த டீசல் கசடையெல்லாம் கழற்றிக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. ஃபில்டர் மாற்றியதும் சரியானது. கூடவே பழைய ரப்பர் ரிட்டர்ன் ஹோஸ் உப்பி மெதுமெதுவென்று ஆகியிருந்ததையும் பார்த்தோம், அதையும் மாற்றினோம். யாராவது தோட்டத்து இன்ஜினில் முயன்றால் இரண்டு ஃபில்டர் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், ஹோஸைத் தினமும் அழுத்திப் பாருங்கள்.

அறிக்கையில் எது பெஸ்ட் என்று போடுவது என்று கேட்டார்கள். எரிபொருளாகப் பார்த்தால் எனக்குப் புங்கம் பிடிக்கும், குளிரும் பரவாயில்லை, சோற்றோடும் போட்டியில்லை. ஆனால் 40 கிலோ கொட்டைக்கு ஐந்து பேரின் மூன்று ஞாயிறு, முப்பது கிலோமீட்டர் மில், பத்து லிட்டர். பஜ்ஜிக்கடையில் நான் போய் நின்றால் டின் தயாராக இருக்கிறது. அட்டவணையில் எண்ணெயின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு புதுப் பத்தி போட வைத்தேன்: எங்கே வாங்கியது, ஆட்டி எத்தனை நாள், டைட்ரேஷன் எத்தனை. வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் அந்தப் பத்தியைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் கேட்டார்.

எங்கள் புங்க எண்ணெயில் மூன்று லிட்டர் மிச்சம் இருந்தது, ஸ்டோர் ரூம் மூலையில், மூடி போட்டுத்தான் வைத்திருந்தோம். ஐப்பசி மழை முழுக்க அங்கேயே கிடந்தது. நவம்பர் கடைசியில் சும்மா எடுத்து டைட்ரேட் செய்து பார்த்தேன். 3.5 இருந்தது 6.5 ஆகியிருந்தது.